உள்ளே இன்னும் பதினொரு பேர்

வியாழக்கிழமை மாலை ஐந்து மணிக்குக் கடற்கரையில் ஈ காக்கை இல்லை என்று சொல்லிவிட முடியாது. காக்கைகள் இருந்தன, ஈக்களும் இருந்திருக்கும். மனிதர்கள்தான் இல்லை. அறுபத்து மூன்று பேர் போனார்கள், அறுபத்து மூன்று பேர் திரும்பி வந்தார்கள். வாசல்காரி ஒவ்வொரு தலைக்கும் நோட்டில் ஒரு கோடு போட்டிருந்தாள். போன கோடுகளும் வந்த கோடுகளும் சரியாக இருந்தன. ஆனால் அவள் முதுகுக்குப் பின்னால் சுவரில் மாட்டியிருந்த எண் பலகை சிவப்பு விளக்கில் வேறு கதை சொன்னது.

உள்ளே: 11.

பதினொரு பேர். ஒரு விளையாட்டுக் குழுவே உள்ளே இருக்கிறது என்று அர்த்தம். அவள் வழக்கம்போலப் பெருமூச்சு விட்டுவிட்டு, தொப்பியைப் போட்டுக்கொண்டு, இல்லாத பதினொரு பேரைத் தேடக் கிளம்பினாள்.

அந்தக் கடற்கரை ஒரு காப்பகத்துக்குள் இருக்கிறது. கார் வருவதில்லை, கடை இல்லை, கைபேசிக்கு சிக்னலும் இல்லை. முன்வாசலில் வண்டியை விட்டுவிட்டுப் புதர்க்காட்டுக்குள் அரை மணி நேரம் நடந்தால் ஒரு மர அறை வரும். அதுதான் வாசல்காரியின் அறை. அதன் பக்கத்தில் நாலடி அகலத்துக்கு ஒரு மணல் பாதை மேடேறிப் போகும். மேட்டைத் தாண்டினால் அரிவாள் போல வளைந்த ஒரு சின்னக் குடா, அதற்குள் கடல். குடாவின் கோடியில் பறவைகள் வெறும் மணலில் முட்டையிடும். ஆகவே ஒரே நேரத்தில் நாற்பது பேருக்கு மேல் உள்ளே இருக்கக் கூடாது, பத்து வயதுக்குக் கீழே யாரும் வரக் கூடாது, ஐந்து மணிக்குப் பிறகு ஒருவரும் இருக்கவே கூடாது.

முன்பெல்லாம் அவள் நோட்டே கணக்கு. மூன்று வாரத்துக்கு முன்னால் கருவி வந்தது. அது வேலை செய்யும் விதம் அவளுக்கே பிடித்திருந்தது. பாதையின் ஒரு பக்கக் கம்பத்தில், இடுப்பு உயரத்தில், கண்ணுக்குத் தெரியாத ஒளியை வீசும் இரண்டு விளக்குகள், ஒரு சாண் இடைவெளியில். எதிர்ப்பக்கக் கம்பத்தில் அந்த ஒளியை இமைக்காமல் பார்த்துக்கொண்டிருக்கும் இரண்டு கண்கள். ஆள் குறுக்கே போனால் ஒளி மறையும். வாசல் பக்கத்துக் கண் முதலில் மறைந்து, கடல் பக்கத்துக் கண் அடுத்து மறைந்தால், ஆள் உள்ளே போகிறார். பலகையில் ஒன்று ஏறும். கடல் பக்கம் முதலில் மறைந்தால், ஆள் வெளியே வருகிறார், ஒன்று இறங்கும். ஒவ்வொரு காலையும் அலுவலகத்திலிருந்து பூஜ்யமாக்கி விடுவார்கள். மாலையில் அது தானாகவே பூஜ்யத்துக்கு வர வேண்டும். அவ்வளவுதான். இதில் பிசகுவதற்கு எதுவுமே இல்லை.

ஆனாலும் பிசகியது. சில நாள் ஏழு, சில நாள் பதினைந்து. ஒரு நாள்கூட எண்ணிக்கை குறைவில் போனதில்லை. எப்போதும் யாரோ உள்ளே தங்கிவிட்டார்கள். இரண்டாவது வாரம் ஒரு நாள் திடீரென்று மழை கொட்டியது. எல்லாரும் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு விழுந்தடித்து ஓடி வந்தார்கள். அன்று மட்டும் சுத்தமாகப் பூஜ்யம்.

"பாத்தீங்களா, மெஷின் சரியாத்தான் இருக்கு" என்று காப்பக அலுவலர் அதையே பிடித்துக்கொண்டார்.

எண் பூஜ்யம் வராவிட்டால் குடாவை முழுக்க நடந்து பார்த்துவிட்டு வாக்கிடாக்கியில் சொல்ல வேண்டும் என்பது விதி. அவள் நடந்தாள். பாறைகளுக்குப் பின்னால் பார்த்தாள். பறவைகள் முட்டையிடும் இடத்துக்கு முன்னால் கட்டிய கயிற்றருகே நின்று கண்ணுக்கு மேல் கையை வைத்துப் பார்த்தாள். நாற்பது நிமிடம். ஒரு துண்டு, ஒரு சீப்பு. ஆள் இல்லை.

"யாரும் இல்ல சார்."

"போர்டுல என்ன காட்டுது?"

"பதினொண்ணு."

"அப்ப இருக்காங்க."

"கடலுக்குள்ள இறங்கித் தேடட்டுமா சார்?"

அந்தப் பக்கம் அலுவலர் குரலைத் தணித்துக்கொண்டார். "இங்க பாரும்மா. ராத்திரி ஆளுங்க பறவைங்க நடுவுல தங்கறாங்கன்னு மேல ரிப்போர்ட் போயிட்டிருக்கு. நாளைக்கழிச்சு சனிக்கிழமை. அஞ்சு மணிக்கு நானே வந்து நிப்பேன். பூஜ்யம் வந்தாச் சரி. வரலைன்னா ஞாயித்துக்கிழமைலேருந்து பாதைய மூடிடறேன். நீங்க முன்வாசல் பார்க்கிங்குக்கு வந்துடுங்க."

பார்க்கிங். ஹாரன், புகை, 'அந்த ஓரமா விடுங்க சார்'. எட்டு வருடமாக அவள் ஜன்னலில் காற்றும் அலைச் சத்தமும்தான். அவளுக்கு அந்த இடத்தோடு கல்யாணம் ஆன மாதிரிதான் என்று அக்கா கேலி செய்வாள். இப்போது ஒரு பெட்டி நடுவில் புகுந்து விவாகரத்து கேட்கிறது.

வெள்ளிக்கிழமை மதியம் அந்த அக்காவே வந்து நின்றாள். கூட அத்தான். அத்தான் லிஃப்ட் மெக்கானிக். இருபத்தாறு வருடக் குடித்தனத்தில் அவர் மனைவியோடு எங்காவது போனால், போன இடத்து லிஃப்டைப் பற்றிப் பேசுவார். லிஃப்டே இல்லாத இடமாகப் பார்த்து அக்கா இங்கே இழுத்து வந்திருந்தாள்.

அத்தான் இரண்டு பைகளைத் தோளில் போட்டுக்கொண்டு பத்தடி முன்னால் வந்தார். அக்கா குடையோடு பின்னால்.

"பாய எடுத்து வச்சீங்களா?"

"எந்தப் பாய்?"

"நல்லா இருக்கு. முதுகையே பாத்துட்டு வந்ததுல பாய் இருக்கா இல்லையான்னு எனக்கும் தெரியல."

வாசல்காரி ஜன்னலில் தலையை நீட்டினாள். "வாங்க அத்தான். வா அக்கா. ஆனா உள்ள விட முடியாது."

பலகை 40 காட்டியது. அதை வாசல்காரி பார்க்கவில்லை, வருகிறவர்களுக்குத்தான் தெரியும். உள்ளே இடமில்லை என்று சொன்னால் சண்டைக்கு வருகிறார்கள் என்பதற்காக, அவர்களே படித்துக்கொள்ளட்டும் என்று பலகையை அவள் முதுகுக்குப் பின்னால், ஜன்னலைப் பார்த்து மாட்டியிருந்தார்கள். இவள் திரும்பிப் பார்ப்பது காலையிலும் மாலையிலும்தான். மற்ற நேரமெல்லாம் கண் நோட்டிலும் ஆட்களின் தலையிலும். நாற்பதானால் ஜன்னலுக்கு வெளியே ஒரு மணி தானாக அடிக்கும். அவள் கயிற்றைக் கட்டிவிடுவாள்.

"என் நோட்டுப்படி முப்பத்திரண்டு பேர்தான் உள்ள. ஆனா நோட்ட யாரும் மதிக்கறதில்ல."

"சொந்தத் தங்கச்சி வாசல்ல நிக்க வைக்கிறா" என்று அக்கா குடையை ஊன்றிக்கொண்டு நின்றாள். "அம்மாகிட்ட சொல்றேன் இரு."

கொஞ்ச நேரத்தில் மேட்டிலிருந்து ஒரு ஜோடி இறங்கி வந்தது. வாசல்காரி நோட்டில் இரண்டு கோடு போட்டாள். "ரெண்டு பேர் வந்தாச்சு. நீங்க போலாம்."

"ஒருத்தர்தான் போலாம் போலிருக்கே" என்றாள் அக்கா. "முப்பத்தொம்பதுன்னு போட்டிருக்கு."

வாசல்காரி திரும்பிப் பார்த்தாள். 39.

"அப்ப நீங்க போங்க" என்று அக்கா புருஷனைப் பார்த்தாள். "நான் இங்கயே நிழல்ல உக்காந்துக்கறேன். எனக்கு நிம்மதி."

ஆனால் அத்தான் கிளம்புகிற மாதிரி தெரியவில்லை. அவர் கண் கம்பத்தில் ஒட்டிக்கொண்டுவிட்டது. பைகள் இரண்டும் ஏற்கெனவே தரையில் இருந்தன. "லிஃப்ட் கதவுல இருக்கற அதே கண்ணு, கொழுந்தியா. ஆள் நடுவுல நின்னா கதவு மூடாது பாரு, அதுக்கு இதுதான். கண்ணாடில தூசி படிஞ்சா இப்படித்தான் விட்டு விட்டுப் பாக்கும்." கைக்குட்டையால் நான்கு கண்ணாடிகளையும் துடைத்தார். கயிற்றை அவிழ்த்து உள்ளே ஒரு அடி வைத்தார்: 40. மணி அடித்தது. வெளியே வந்தார்: 39. மறுபடி. மறுபடி. பத்து முறை போய் வந்தார். பத்து முறையும் கருவி மயிரிழை பிசகவில்லை.

"சரியாயிடுச்சு. தூசிதான்" என்றார், சொந்த வீட்டு லிஃப்டைச் சரிசெய்தவர் மாதிரி.

"கடலப் பாக்க வந்தவர் கம்பத்தப் பாத்துட்டு நிக்கறார்" என்றாள் அக்கா.

அதற்குள் தனியாக ஒருவர் வெளியே வந்தார். 38. வாசல்காரி கயிற்றை நகர்த்தினாள். அத்தான் பைகளைத் தூக்கிக்கொண்டு முன்னால் போனார். அக்கா பாயைப் பற்றிய மிச்சத்தைச் சொல்லிக்கொண்டு பின்னால் போனாள். இருவர் போனார்கள், பலகை இரண்டு ஏறியது. மணி அடித்தது.

ஐந்து மணிக்கு வாசல்காரியின் நோட்டில் உள்ளே இருந்தது இரண்டே பேர், அக்காவும் அத்தானும். திரும்பிப் பலகையைப் பார்த்தாள்.

உள்ளே: 13.

அப்படியென்றால் தூசி இல்லை. பழைய பதினொரு பேர் சொல்லிவைத்த மாதிரி வந்துவிட்டார்கள். இன்னும் ஒரே ஒரு நாள். அறையின் பின்கதவைத் திறந்து, கருவியின் கண்ணில் படாமல், புதருக்குள் இறங்கி மேட்டில் ஏறினாள்.

ஒவ்வொரு காலையும் அவளுடைய முதல் வேலை இந்தப் பாதையைப் படிப்பது. இரவில் நரி வந்ததா, கீரி வந்ததா, பறவைகள் பக்கம் போனதா என்று மணலில் பதிந்த தடத்தைப் பார்த்துக் குறித்துக்கொள்வாள். பிறகு ஒரு பழைய வலையை இழுத்து மணலைப் பலகை மாதிரி சமமாக்கிவிடுவாள், அடுத்த இரவு எழுதுவதற்கு. பகலில் மனிதர்கள் மிதித்ததை அவள் படிப்பதில்லை. அது கணக்கு, கணக்குக்குக் கருவி இருக்கிறது. மூன்று வாரமாக மாலையில் இதே வழியாகப் போனபோதும் தலைகளைத் தேடித்தான் போனாள். அதனால் பார்வை தூரத்தில் இருந்தது. கால் வைத்த இடத்தில் இல்லை.

இன்றைக்குத் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நடந்தாள். அதனால் பார்த்தாள்.

மேட்டில் எல்லாம் மிதிபட்டுக் குழம்பிக் கிடந்தது. மேடு முடிந்து மணல் அகலமாக விரியும் இடத்தில் தடங்கள் ஒன்றிலிருந்து ஒன்று பிரிந்து தெளிவாகத் தெரிந்தன. கடலைப் பார்த்துப் போன தடங்கள் ஒற்றைக் கோடுகள். ஒரு பெரிய பாதம், அதன் மேலேயே ஒரு சின்னப் பாதம், பின்னால் வந்தவர் முன்னால் போனவரின் தடத்திலேயே மிதித்திருந்தார். அப்படி எத்தனையோ கோடுகள். வாசலைப் பார்த்துத் திரும்பிய தடங்கள் அப்படி இல்லை. அவை இரட்டைக் கோடுகள். பெரியதும் சின்னதும் பக்கத்தில் பக்கத்தில், மாட்டுவண்டிச் சக்கரம் போன மாதிரி. சில இடத்தில் இரண்டும் உரசிக்கொண்டே வந்திருந்தன.

அவள் அங்கேயே குந்தி உட்கார்ந்துவிட்டாள். நரித் தடத்தைப் பார்ப்பது போல விரலால் தொட்டுப் பார்த்தாள்.

கரையில் அக்காவும் அத்தானும் குடையை மணலில் குத்தி வைத்துவிட்டு, பாய் இல்லாததால் பைகளின் மேல் உட்கார்ந்திருந்தார்கள். பிளாஸ்கிலிருந்து ஒரே மூடியில் மாற்றி மாற்றிக் காபி குடித்தார்கள். அலை வந்து அத்தானின் விரல் நுனியை மட்டும் தொட்டுவிட்டுப் போனது. தூரத்தில் பறவைகள் ஒன்றையொன்று திட்டிக்கொண்டிருந்தன.

"மணி அஞ்சாச்சு. எழுந்திருங்க."

"ஒரு சத்தமும் இல்ல பாரு" என்றாள் அக்கா. "இந்த மனுஷன் ரெண்டு மணி நேரமா லிஃப்டப் பத்திப் பேசல."

"பேச எடுத்தேன். நீ தூங்கிட்டே."

"அக்கா, ஒண்ணு கேக்கறேன். போகும்போது ஏன் அத்தான் பின்னாடி போனே?"

"பின்ன? அவர் பைய மாட்டிக்கிட்டா குதிரை மாதிரி போவாரு. கடல் எங்கயோ ஓடிடப் போற மாதிரி."

"இப்ப?"

அக்கா யோசித்தாள். "இப்ப என்ன அவசரம்? பையும் காலி."

"சரி, நடங்க. நான் முன்னாடி ஓடறேன். நீங்க எப்பவும் போல வாங்க. எப்பவும் போலன்னா, உங்களுக்கு எப்படித் தோணுதோ அப்படி."

அவள் பின்கதவு வழியாக அறைக்குள் ஓடி, வாழ்க்கையில் முதல் முறையாக ஆட்கள் வரும் நேரத்தில் ஜன்னலுக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டு, பலகையைப் பார்த்தாள். கொஞ்ச நேரத்தில் பேச்சுச் சத்தம் கேட்டது. இருவரும் தோளோடு தோள் உரசிக்கொண்டு கம்பங்களைக் கடந்தார்கள். பதின்மூன்று பன்னிரண்டு ஆனது. பதினொன்றாக மறுத்தது.

"அப்படியே நில்லுங்க."

அவள் விளக்கிச் சொன்னாள். கருவிக்கு ஆள் தெரியாது. ஒளி மறைவதுதான் தெரியும். ஒருவர் பின்னால் ஒருவர் போனால் ஒளி இரண்டு முறை மறையும். இருவர் பக்கத்தில் பக்கத்தில் வந்தால் ஒரே முறைதான் மறையும். கருவிக்கு அவர்கள் ஒரே ஆள், கொஞ்சம் அகலமான ஆள். போகும்போது இருவர், வரும்போது ஒருவர், மிச்சம் ஒருவர் கடற்கரையில். மழை பெய்த அன்று ஏன் பூஜ்யம் வந்தது என்பதும் இப்போது விளங்கியது. அன்று அவரவர் தலையைக் காப்பாற்றிக்கொண்டு தனித்தனியாக ஓடி வந்தார்கள்.

"அப்ப என்கூடச் சண்டை போட்டுட்டே வந்தா மெஷின் சரியா எண்ணும்" என்றார் அத்தான்.

"நம்மள மட்டும் எண்ணறதா இருந்தா எந்நாளும் சரியாத்தான் எண்ணியிருக்கும்" என்றாள் அக்கா.

"போர்டு வச்சிடலாமா, 'ஒருவர் பின் ஒருவராக வரவும்'னு?"

"யார் படிப்பா அத்தான்? 'நுழையாதே'ன்னு போட்டா அதுக்குக் கீழ நின்னு போட்டோ எடுக்கறாங்க."

அத்தான் கையைத் தட்டிக்கொண்டார். "அப்ப எங்கிட்ட விடு. நடுவுல ஒரு கம்பு நட்டாப் போதும். சேர்ந்து வர முடியாது." அறைக்குப் பின்னால் உடைந்து கிடந்த அறிவிப்புப் பலகையின் காலை எடுத்து வந்து, ஒளியை மறைக்காதபடி ஒரு சாண் தள்ளி, பாதையின் நட்டநடுவில் ஊன்றி, கல்லால் அடித்து இறக்கினார். நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டு, "வா" என்று அக்காவைக் கூட்டிக்கொண்டு உள்ளே போய்த் திரும்பி வந்தார்.

கம்பு கிட்டே வந்ததும் அக்கா அவர் கையை விட்டாள். அவர் இடப்பக்கம் போனார், அவள் வலப்பக்கம் போனாள், இருவரும் ஒரே நேரத்தில் கம்பைத் தாண்டி மறுபடி கையைக் கோத்துக்கொண்டார்கள். பலகை ஒன்றே ஒன்று இறங்கியது.

அத்தான் கம்பையே முறைத்துப் பார்த்தார்.

"ஒரு வழிய ரெண்டு வழியாக்கிட்டீங்க" என்றாள் அக்கா. "இப்ப ஊர்வலமே போகலாம்."

வாசல்காரி அந்தக் கம்பைப் பிடுங்கினாள். "அத்தான், இங்க வாங்க. கம்பத்த ஒட்டி நில்லுங்க. பக்கவாட்டுல இல்ல, நேரா. மூச்ச இழுக்காதீங்க."

"எதுக்கு?"

"அளவெடுக்க. உங்க வயிறு நுழைஞ்சா ஊரே நுழையும்."

அத்தான் அக்காவின் முகத்தைப் பார்த்துவிட்டு, கம்பத்தை ஒட்டி நின்றார். அவர் உடம்பு முடிந்த இடத்தில் நாலு விரல் விட்டு அவள் காலால் மணலில் கோடு கிழித்தாள். அங்கே கம்பை நட்டார்கள். மிச்சமிருந்த பாதி வழியைக் கயிற்றால் அடைத்தார்கள்; யாருக்காவது அவசரம் என்றால் கொக்கியைக் கழற்றிவிடலாம். அத்தானும் அக்காவும் உள்ளே போய்த் திரும்பினார்கள். இடைவெளி கிட்டே வந்ததும் நின்றார்கள்.

"நீ போ."

"நீங்க போங்க."

"இருபத்தாறு வருஷமா நான்தான் முன்னாடி போறேன். இன்னைக்கு நீ போ."

அக்கா முன்னால் போனாள், அத்தான் பின்னால் போனார். பலகை இரண்டு இறங்கியது.

சனிக்கிழமை முழுக்க வாசல்காரி நாற்காலியைத் திருப்பிப் போட்டு ஒரு கண் பலகையிலும் ஒரு கண் பாதையிலுமாக உட்கார்ந்திருந்தாள். எழுபத்தொரு பேர் போனார்கள். போகும்போது யாருக்கும் கம்பு இருப்பதே தெரியவில்லை, ஏனென்றால் எப்போதும் போல முன்னும் பின்னுமாகத்தான் போனார்கள். திரும்பும்போது ஒவ்வொரு ஜோடியும் அந்த இடத்தில் நின்று, நீ போ, நீங்க போங்க என்று உபசாரம் செய்துகொண்டு, தனித்தனியாக நுழைந்து, அந்தப் பக்கம் போனதும் பழையபடி ஒட்டிக்கொண்டார்கள்.

ஐந்து மணிக்கு அலுவலர் வந்து ஜன்னலுக்கு வெளியே கையைக் கட்டிக்கொண்டு நின்றார். கடைசி ஆள் வெளியே வந்தார். பலகையில் 1 இருந்த இடத்தில் 0 வந்தது. அலுவலர் பலகையைப் பார்த்தார், நோட்டை வாங்கிப் பார்த்தார், எழுபத்தொன்றும் எழுபத்தொன்றும், மறுபடி பலகையைப் பார்த்தார்.

"மெஷின ஏதாவது பண்ணீங்களா?"

"தொடவே இல்ல சார்."

"பின்ன எப்படிச் சரியாச்சு?"

"போகும்போது ஒருத்தர் பின்னாடி ஒருத்தரா போறாங்க, வரும்போது சேர்ந்து வர்றாங்க. சேர்ந்து வந்தா மெஷின் ரெண்டு பேர ஒண்ணா எண்ணுது. அதனால கண்ணு இருக்கற இடத்துல மட்டும் வழிய ஒரு ஆள் அகலத்துக்குக் குறைச்சுட்டேன் சார்."